அப்பா கட் பண்ணவில்லை

என் செல்லக்குட்டிக்கு அம்மா ஆசையாக எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அக்காவும் அவள் வீட்டாரும் நலம், லேப்டாப்புக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதுவும் இப்போது தேறிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று தினமும் மெசேஜ் போடுகிறேன், நீயும் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுகிறாய். பெற்றவளுக்கு அதில் ஒன்றும் புரியாது என்று நினைத்தாயா. நேற்று அக்கா வந்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். வேலையை விட்டுவிட்டு நர்ஸ் படிப்பில் சேரப்போகிறேன் என்று நீ சொன்னதும், அப்பா பதிலே பேசாமல் வீடியோ காலைக் கட் பண்ணிவிட்டார் என்று அவளிடம் அழுதாயாமே. அடி அசடே, அப்பா கட் பண்ணவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், கூடவே நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படி.

அந்த லேப்டாப் கொஞ்ச நாளாகவே படுத்திக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆன பிறகும் அப்பா சும்மா இருக்க மாட்டாரே, யார் யாருக்கோ வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கிறார். வெறுமனே பேப்பர் படித்தால் சமர்த்தாகச் சார்ஜ் ஏறும், மாடி ஜன்னல் எல்லாம் வைத்து வீட்டைச் சுற்றிக் காட்டுகிற அந்தப் படத்தைத் திறந்தாரோ போச்சு, பிளக்கில் மாட்டியிருக்கும்போதே சார்ஜ் இறங்கும். சுவரில் இருக்கிற பிளக்தான் கோளாறு என்று முடிவு கட்டி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரூம் ரூமாகக் குடி போனார். கடைசியில் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாருக்கோ மாடிப்படி வரைந்தார், நான் குளிக்கப் போக அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அங்கே மாட்டினார், திரும்ப ஃப்ரிட்ஜை மாட்ட மறந்துவிட்டார், பால் திரிந்ததுதான் மிச்சம். சூட்டினால் இருக்கும் என்று டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்தார், எனக்கு வேர்த்து ஊற்றியது. நேற்று அக்கா வந்தபோதும் இந்தக் கூத்துதான்.

இன்று காலை பிடிவாதமாக அவரைத் தெருமுனை ரிப்பேர் கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரப் பெண் முதலில் சார்ஜரைத்தான் கேட்டாள். அப்பா பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதனுடைய சார்ஜர் செங்கல் மாதிரி கனக்கிறது என்று அலமாரியில் போட்டுவிட்டு, அக்காவின் பழைய சின்ன லேப்டாப் சார்ஜரை வாங்கி வைத்திருக்கிறார், பின் பொருந்துகிறதாம், கைக்கு அடக்கமாக இருக்கிறதாம்! பின் பொருந்தினால் போதாது சார், இது கொடுக்கிற கரண்ட் சும்மா இருக்கும்போது சரி, பெரிய வேலை செய்தால் பத்தாது, மீதியைப் பேட்டரியிலிருந்து எடுத்து எடுத்துக் கடைசியில் அணைந்துவிடும் என்றாள். நான் வீட்டுக்கு வந்து அந்தச் செங்கலை எடுத்துப் போய்க் கொடுத்தேன், படத்தையும் வீடியோவையும் சேர்த்துத் திறந்தும் சார்ஜ் மடமடவென்று ஏறியது. அப்பா கூரையில் ஏதோ விரிசல் இருப்பது மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நீ பேசின அன்றும் அந்தப் படத்தை மூடாமல்தான் வைத்திருந்தார். நீ சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், மனசு கலங்கினால் அவர் செய்கிற காரியம் உனக்குத் தெரியாததா. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே யானை நின்றாலும் தெரியாத மனுஷர். பயமாயிருக்கும்மா என்று ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசினார். கதவோரம் நின்றிருந்த நானும் நீ கேட்டுக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். பேசி முடித்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் திரை கறுப்பு, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சார்ஜ் தீர்ந்து லேப்டாப் அணைந்திருக்கிறது. பயம் என்று சொன்னதற்கே உனக்குக் கோபம் வந்து கட் பண்ணிவிட்டாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வீம்பு அப்படியே உனக்கும், இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் உயிரை வாங்குகிறீர்கள்.

நீ எதையுமே கேட்கவில்லை என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டுச் சொல்லு, அன்றைக்குப் பேசியதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேளு. படத்தை மூடி வைப்பது என் பொறுப்பு. படிப்பில் தைரியமாகச் சேர், எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. நாள் முழுக்க நிற்கிற வேலை, நல்ல மெத்தென்ற செருப்பாக வாங்கிக்கொள், காசு பார்க்காதே. எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து நீ நன்றாக இருக்க வேண்டும். அவர் பேசினது முழுவதையும் அவர் வாயாலேயே கேள், ஆனால் கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஊசி என்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே வெளிறிப் போகிற உன் அப்பா, அணைந்துபோன அந்தத் திரைக்கு முன்னால் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டி, நீ படித்து முடித்ததும் முதல் ஊசியை எனக்குத்தான் போட வேண்டும், கையை ஆட்டாமல் காட்டுவேன் என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா