லாந்தர்க்காரியின் முதுகு

தை, வியாழக்கிழமை.

மேசை விளையாட்டுக்கான விரல் உயரப் பொம்மை ஒன்றுக்கு மூன்று நாட்களாக வண்ணம் தீட்டுகிறேன். கையில் லாந்தர் ஏந்திய வீராங்கனை. போன முறை நாமக்கல்லில் ஆடும்போது என் பொம்மைகளைப் பார்த்து நண்பர்கள் சிரித்தார்கள். இந்த ஞாயிறு சிரிக்கக் கூடாது. ஆனால் எவ்வளவு மஞ்சள் பூசியும் லாந்தர் எரிகிற மாதிரியே இல்லை. இன்று சாயங்காலம் தூக்கி எறியத்தான் போனேன்.

மிளகு காயப்போட்ட தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்த மனைவி செல்வி, பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, லாந்தரு முன்னாடி இருக்குது. முதுகுல எதுக்குங்க மஞ்சளு?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. கதவைச் சாத்தி இருட்டாக்கி, டார்ச்சைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தபடி மெல்லத் திரும்பினாள். முகம் பளிச்சென்று இருந்தது. முதுகு கன்னங்கரேலென்று இருந்தது.

பொம்மையின் முதுகு முழுக்கக் கருநீலம் பூசினேன். லாந்தரைத் தொடவே இல்லை. காய்ந்ததும் பார்த்தால், லாந்தர் எரிகிறது!

செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பனியில் விறைத்த இரண்டு கைகளையும் அந்த லாந்தர் பக்கம் நீட்டிக் குளிர் காய்ந்தாள்.