வெல்லம் போகாத இடம்

புதுச்சேரி, 12.7.2008

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு, இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கல் அரைக்கும் பவுடர் கம்பெனியிலிருந்து பலராமன் சொல்லச் சொல்ல, கூட வேலை செய்யும் சுமலதா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வியாழக்கிழமை மாடிப்படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, இப்போது கேட்டில் உட்காரும் வேலைதான். டாக்டரிடம், "தினம் வேலை முடிஞ்சதும் வெல்லம் திங்கறேன் சார், தூசி இறங்கிடும்" என்றேன். அறுபத்தேழாம் வருஷம் பஞ்சு மில்லில் சேர்ந்த அன்றே மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது.

அவர் சிரிக்கவில்லை. "வெல்லம் வயித்துக்குத்தான் போவும், பெரியவரே. பெருந்தூசி சளியோட வந்துடும். இந்தப் பவுடர் கண்ணுக்கே தெரியாத நைசு. நுரையீரலோட அடி வரைக்கும் போயி, அங்க இருக்கற மெல்லிசு தோல்ல தங்கிப் புண்ணாக்கிடும்."

நம் பையன் ராஜவேலுக்கு இங்கே வேலை சொல்லிவைத்தவன் நான்தான். ஆவணி பிறந்ததும் அவனை பஸ் ஏற்றிவிடாதே. கோபித்தால் கோபிக்கட்டும். போன முறை நான் விட்டுவந்த சட்டைகளை உதறாதே, அப்படியே தண்ணீரில் முக்கித் துவை.

ஊரிலிருந்து வருபவர் யாரிடமாவது பழைய போர்வை ஒன்று கொடுத்தனுப்பு. வெல்லமும் அனுப்பு. தூசிக்கு இல்லை, நீ கட்டிய பொட்டலம் பிரித்து நாளாகிறது.

சுமலதாவுக்கு இருமல் நிற்கவில்லை. எழுதியது போதும் என்கிறேன். பையனை அனுப்பாதே.

பலராமன்