ஒரே வாசல்

பெப்ரவரி 21, செவ்வாய்

நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தைக் கட்டியவனுக்கு நாங்கள் எரிந்து செத்தாலும் கவலையில்லை.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு வேலைக்கான உளச்சார்புப் பரீட்சை. இன்று பதுளையில் நண்பன் நஸீரின் புடவைக்கடையில் உட்கார்ந்து பழைய கேள்விகளைச் செய்து பழகினேன். அவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கேள்வியில் வீட்டுப் படம். முன்வாசலில் தீ, உள்ளே ஆட்கள். அவர்களை வெளியே எடுக்கும் வழியை அரை நிமிடத்தில் காட்ட வேண்டும். நான் முன்வாசலைக் காட்டினேன்.

“பின்னால கதவு இருக்கு, ரெண்டு ஜன்னல் இருக்கு. நீ நெருப்புக்குள்ளயே பாயுறியே மச்சான். ஒன்ன வேலைக்கு எடுத்தா ஊரே கரிதான்” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்தில் எங்கள் காம்பரா ஒரே அறை; அதற்கு ஒரே வாசல். அடுப்பு அதை ஒட்டி இருக்கிறது. அம்மாவும் தங்கச்சிகளும் அடுப்பைத் தாண்டி உள்ளே படுக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. இத்தனை வருடம் அங்கே படுத்தும் நான் இதை நினைத்ததே இல்லை. இப்போது வேறு நினைப்பே வரவில்லை. பரீட்சையில் சரியான வழியைக் காட்டிவிடுவேன். இங்கே எதைக் காட்டுவது?

திரும்பி வரும்போது தோட்டத்து ஆபீஸ் முன்னால், தோட்டத்தை நடத்தும் துரை நின்றார். “பின்சுவத்துல ஒரு ஜன்னலாவது வெட்டித் தாங்க தொரை” என்றேன். அவர் ஜீப்பில் ஏறினார். ஜீப்பின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து, இன்னொரு தடவை கேட்டேன்.