ஆளுக்கு ஒரு ஸ்பூன்

அப்பா,

இன்று அலுவலகத்தில் கடல் உயிரினங்களைப் பற்றிய ஒரு சிறுவர் புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். சுறாக்களின் பக்கம் வந்ததும் நாக்கின் அடியில் அந்த எண்ணெயின் ருசி ஏறிவிட்டது. தாளில் மை வாசனை மட்டும்தான். ஆனாலும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்த பிறகுதான் மேலே படிக்க முடிந்தது.

நீண்ட மூக்கும் பெரிய வாலும் கொண்ட ஒரு சுறா. குளிர்ந்த கடல்களில் திரிவது, நம் கரைப் பக்கம் கிடையாது. துடுப்பைச் சூப்புக்காகவும் ஈரலை எண்ணெய்க்காகவும் ஒரு காலத்தில் அதை அள்ளி அள்ளிப் பிடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு வேண்டிய சத்து அந்த ஈரலில் அவ்வளவு இருந்ததாம். பெண் சுறா குட்டி போடும் வயதுக்கு வரவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால், பிடித்த வேகத்துக்கு அவற்றால் பெருக முடியவில்லை. அந்த வரியில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. அதைத் திருத்தாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நம் வீட்டுப் புட்டியில் இருந்தது எந்தச் சுறாவோ, தெரியாது. லேபிளில் வாலை வளைத்துக்கொண்டு ஒரு சுறா நீந்தும். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தங்கச் சுரங்கம் மூடி, நீங்கள் வேலையில்லாமல் தொழிலாளர் குடியிருப்பின் ஸ்கெலட்டன் வீட்டில் இருந்த காலம் அது. அம்மா தினமும் ரயிலேறி பெங்களூரில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்தாள். எனக்கு ஆறு வயது. பொழுது சாய்ந்தால் போதும், கதவு நிலையில் இடித்துக்கொள்வேன், தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவேன்.

“பொண்ணுக்குக் கண்ணு இன்னாவோ ஆச்சிங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க” என்றாள் அம்மா.

“ஒண்ணும் இல்ல. சொரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கின ஒடனே எவனாவது நடப்பானா? நின்னுக்கினு கண்ணப் பழக்குவான். இவளும் பழகிடுவா” என்றீர்கள் நீங்கள்.

வெயிலிலிருந்து பூமிக்கடியில் இறங்கி இறங்கி, இருட்டென்றால் அது பழகிவிடும் என்று உடம்பால் அறிந்தவர் நீங்கள். ஒரு குழந்தையின் கண் பழகாமலே போகலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றும்? தினமும் அந்தி வேளையில் என்னை வாசலில் நிறுத்தி, தோளில் கைவைத்து நூறு வரை எண்ணுவீர்கள்.

“எதுர்ல வேப்பமரம் தெரியுதா?”

“தெரியுதுபா.”

“பாத்தியா! யார் பொண்ணு!”

மரம் தெரியவில்லை அப்பா. அங்கே மரம் இருப்பது தெரியும், அதனால் சொன்னேன். சொன்னதும் தோளில் உங்கள் கை சந்தோஷமாக ஒருமுறை அழுத்தும். நீங்கள் சந்தோஷப்படவே காரணம் இல்லாதிருந்த நாட்கள் அவை. அந்த அழுத்தலுக்காகத் தினமும் பொய் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அந்தியில் அம்மாவை அழைத்துவர மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் நின்றதும் உங்கள் கையை உதறிவிட்டு ஓடி, ஒரு புடவையைக் கட்டிக்கொண்டேன்.

“இன்னா கண்ணு, எனுக்கு வூட்ல ஏற்கெனவே மூணு கீது. நீயும் வந்துட்டா சோறு பத்தாதே!” என்று ஒரு குரல் சிரித்தது. அம்மாவின் குரல் இல்லை.

பிளாட்பாரமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். “ஏய், நான் இங்க கீறேன் பாரு!” என்று அம்மா கூப்பிட்டாள். நான் அந்தக் குரல் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். அப்போது உங்கள் சிரிப்பு பாதியில் நின்றது. வீடு வரை என்னைத் தூக்கிக்கொண்டே வந்தீர்கள்.

மறுநாள் டாக்டர் மாலைக்கண் என்றார். கீரை, கேரட், சொட்டு மருந்து, சுறா மீன் எண்ணெய். ராபர்ட்சன்பேட்டையில் கடை கடையாக அலைந்து அந்தப் புட்டியை வாங்கினீர்கள். முதல் ஸ்பூனை நான் துப்பிவிட்டேன். நீங்கள் அதட்டவில்லை. இன்னொரு ஸ்பூன் ஊற்றி நீங்கள் குடித்தீர்கள். முகம் கோணிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“உங்களுக்கு எதுக்குங்க? வூடே மீன் மார்க்கெட்டாட்டம் நாறுது” என்றாள் அம்மா.

“சொரங்கத்துல எந்த லெவலுக்கும் ஒத்த ஆள அனுப்ப மாட்டாங்க. இன்னொருத்தன் கூட எறங்கணும்.”

அன்று முதல் புட்டி காலியாகும் வரை காலையில் ஆளுக்கு ஒரு ஸ்பூன், ஆளுக்குப் பாதி வெல்லம். ஒருநாள் அந்தியில் வாசலில் நின்றபோது நீங்கள் கேட்காமலே கத்தினேன்: “அப்பா, மரத்துல காக்கா ஒக்காந்துனுகீது!” நீங்கள் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்: “என் முட்டாள்தனத்தால கொழந்த கண்ணே போயிருக்கும்.” கடைசியாகப் படுத்திருந்தபோதும் அதையே சொன்னீர்கள். நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் முதல் வாரமே என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீர்கள். அந்தத் தவறில் பாதி என்னுடையது. வெல்லத்தைப் போல இதையும் அன்றே பங்கு போட்டிருக்க வேண்டும். இப்போதாவது உங்கள் பங்கை இறக்கி வைத்துவிடுங்கள்.

அம்மாவைப் போலவே நானும் தினமும் பெங்களூர் போய்வரும் மங்கலான ரயில் பெட்டியில் எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் உங்கள் ஸ்பூன் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு சுறாவும் இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் வழி தெரியவில்லை. அந்த ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். பக்கத்தின் அடியில், “இப்போது இந்த எண்ணெய்க்குப் பதில் வேறு மருந்துகள் உள்ளன என்று ஒரு வரி சேர்க்கலாமா?” என்று ஆசிரியருக்கு எழுதிவைத்தேன்.

இப்போதெல்லாம் அந்தியில் என்னை அழைத்துப்போக அம்மா வருகிறாள். மாரிகுப்பத்தில் இறங்கியதும் நான் நடக்கமாட்டேன். கொஞ்ச நேரம் நிற்பேன், கண் பழகட்டும் என்று. தோளில் ஒரு கை இருப்பதுபோல இருக்கும். இன்றும் நின்றேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், பச்சைப் புடவையில், பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மா.

தெரியுதுபா. நிஜமாவே தெரியுது.