டோக்கன் இருபத்தேழு

பிந்து,

நீ சொன்ன கவுன்சலிங் டாக்டரைப் பாக்கப் போறேன். எனக்கு வியாதின்னு ஒத்துக்கிட்டுப் போகல்ல, உன் வாயை அடைக்கத்தான் போறேன், கேட்டியா. சாவி பக்கத்து வீட்டு லீலாக்கா கிட்ட இருக்கு. ரசத்தைச் சூடாக்கிச் சாப்பிடு.

நேத்து நீ என் லாட்டரி டிக்கெட்டைக் கிழிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ரிசல்ட்கூடப் பாக்கல்ல. நான் நினைச்சா இந்த நிமிஷமே நிறுத்துவேன்.

உன் தாணு

மறந்துட்டேன்: கடைசி ஒரு நம்பர்லதான் போச்சு, பிந்து! எட்டுக்குப் பதிலா ஒம்பது. இவ்வளவு கிட்ட வந்தது அடுத்த தடவை அடிக்காமலா போகும்?

இன்னொண்ணு: ஆஸ்பத்திரி டோக்கன் இப்பதான் போன்ல வந்துது. இருபத்தேழு. நம்ம கல்யாணத் தேதி! போற வழியில தம்பானூர் லாட்டரிக் கடையில இருபத்தேழுல முடியுற டிக்கெட் கிடைச்சா, டாக்டரை நாளைக்குப் பாத்துக்கிடுவேன்.