அன்று நீங்கள் வெங்காய மூட்டை தூக்கினீர்கள்

சாமி,

நேற்றுக் காலை மொட்டை மாடியில் தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டிதான் இடிகிறதோ என்று சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போனேன். பேத்தி ஒரு மணல் மூட்டையைத் தூக்கித் தோளில் போடுகிறாள், இறக்குகிறாள், மறுபடியும் தூக்குகிறாள். வெயிலில் காய்ந்த சாக்கு வாசனை மூக்கில் ஏறியது. வீட்டில் கட்டட வேலை ஒன்றும் நடக்கவில்லை.

"யாருக்கு கண்ணு இந்த மூட்டை?" என்றேன்.

"யாருக்கும் இல்ல தாத்தா. ஆபீஸ் டென்ஷன். இத இருபது தடவ தூக்கி எறக்குனா மண்டைக்குள்ள சத்தம் நின்னுடுது."

தொட்டிக் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே சொல்லை நான் முன்னால் கேட்டிருக்கிறேன். மார்க்கெட்டில், மண்டி வாசலில், உங்கள் வாயால். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். இன்று நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

மணங்கு போய்க் கிலோ வந்த புதிது அது. புது நிறையில் மூட்டை கூடுதலா குறைச்சலா என்று சுமைக்காரர்கள் நாங்கள் தினமும் மண்டிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு, நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தந்தி ஆபீசில் வேலை, வீடு ஸ்ரீரங்கம் என்றீர்கள். பிறகு கேட்டீர்கள் பாருங்கள் ஒரு கேள்வி.

"நானும் ஒரு மூட்டை தூக்கிப் பாக்கட்டுமா?"

எங்கள் மேஸ்திரி உங்களை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு சாமி? வேவு பாக்க அனுப்பிச்சாங்களா?"

"இல்லப்பா. நாள் பூரா காதுல தந்தி டக்கு டக்குன்னு அடிச்சிண்டே இருக்கு. ஆத்துக்குப் போனாலும் நிக்க மாட்டேங்கறது. ராத்திரி சாதம் பிசையறச்சே விரல் தட்டறது. உடம்பு களைச்சா நிக்குமோன்னு பாக்கறேன்."

"கழுத்து முறிஞ்சா உங்க பெருமாளுக்கு யாரு பதில் சொல்றது?"

"பெருமாள் படுத்துண்டிருக்கார். எழுந்து வந்து கேக்க மாட்டார்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். எடை குறைந்த கொத்தமல்லி மூட்டை ஒன்றை நான்தான் உங்கள் தலையில் ஏற்றிவிட்டேன். சும்மாடு கட்டத் தெரியாமல் மேல்துண்டைத் தாறுமாறாகச் சுற்றியிருந்தீர்கள். பத்தடி போவதற்குள் வேர்வையில் நாமம் கரைந்து மூக்கில் வழிந்தது. இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி, "நின்னுடுத்து முத்து, சத்தம் நின்னுடுத்து" என்றீர்கள். தேர் நிலைக்கு வந்த மாதிரி முகம். அதற்குப் பிறகு வேலை முடிந்த சாயங்காலங்களில் வருவீர்கள். நாலு மூட்டை, ஐந்து மூட்டை. கூலி வாங்க மாட்டீர்கள். ஊரில் நல்ல வேலையில் இருக்கிற ஓர் ஐயங்கார் சும்மாவே மூட்டை சுமக்கிறார் என்று பாலக்கரை வரைக்கும் பேச்சு. வெங்காய மூட்டை மட்டும் தொட மாட்டீர்கள்.

"தூக்கத்தான சாமி சொல்றோம், திங்கவா சொல்றோம்?" என்று நான் கேலி செய்வேன்.

"வாசனையே ஆகாதுடா. ஆத்துக்குள்ள விடமாட்டா."

எங்கள் தொழிலில் ஒரு கட்டு உண்டு. தலையில் பாரம் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் மூச்சு சிதறும், மூச்சு சிதறினால் கால் பின்னும். முதல் நாளே உங்களுக்கு அதைச் சொன்னேன். நீங்கள் ஏதோ வரம் கிடைத்த மாதிரி, "நல்ல கட்டுடா இது. எங்க ஆபீசுக்கு இது ஆகும்" என்றீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

எங்களில் யாராவது, "எங்க ஊருலேந்து ஏதாச்சும் சேதி வந்துச்சா சாமி?" என்று சும்மா வாயைக் கிளறினால் சிரிப்பு மறைந்துவிடும். "காதுல விழறது கை வழியா காயிதத்துக்குப் போயிடணும். வாய்க்கு வரப்படாது. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்பீர்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். என் பெண்சாதி தலைப்பிரசவத்துக்கு விருத்தாசலத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஆடி வெயில். உச்சிப் பொழுதில் நீங்கள் வந்தீர்கள். அந்நேரத்துக்கு நீங்கள் வந்ததே இல்லை. என்ன ஏது என்று ஒரு வார்த்தை இல்லை. துண்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றீர்கள். லாரியில் அன்று வந்திருந்தது முழுக்க வெங்காயம். ஏற்றிவிட்டேன், போனீர்கள். திரும்பி வந்து மறுபடி குனிந்தீர்கள்.

"என்ன சாமி, இன்னிக்கு வெங்காயம் மணக்குதா? வீட்டுல சண்டையா?" என்று கேட்டேன். கூட இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "பொறக்கப் போற பையனுக்கு உங்க பேரத்தான் வெக்கப் போறேன். வெங்காய ஐயங்காருன்னு" என்றும் சொன்னேன். ஐயோ, அதையும் சொன்னேன்.

மூன்றாவது மூட்டையோடு நீங்கள் பாதி தூரம் போயிருப்பீர்கள். ஸ்டேஷன் பக்கம் ஒரு மணி வண்டி ஊதியது. விருத்தாசலம் போகிற வண்டி. உங்கள் கால் தடுக்கிற்று. சாய்ந்த மூட்டையைத் தாங்கி நிமிர்ந்தீர்கள். "பாத்து சாமி, வண்டி உங்கள ஏத்திக்கிட்டுப் போயிடப் போகுது!" என்று கத்திச் சிரித்தேன்.

ஐந்தாவது மூட்டை உங்கள் தலையில் இருக்கும்போது தந்திச் சேவகர் சைக்கிளில் வந்தார். என் பேரைச் சொல்லிக் கேட்டார். எங்களில் படிக்கத் தெரிந்தவர் கிடையாது. அவரே பிரித்துப் படித்தார். "பிரசவம். நிலைமை மோசம். உடனே புறப்படு."

மேஸ்திரி கையில் இருந்த கொக்கி கீழே விழுந்தது. சுற்றி நின்ற அத்தனை முகமும் வெளுத்துப் போயிற்று. உங்கள் முகம் மட்டும் மாறவே இல்லை. மூட்டைக்கு அடியில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நானே வந்து மூட்டையைப் பிடித்துத் தள்ளினேன். சாக்கு கிழிந்து வெங்காயம் ரோடு முழுக்க உருண்டது.

"எப்ப வந்துச்சு?"

"பன்னெண்டே காலுக்கு."

"ஒரு மணி வண்டி போச்சே சாமி!"

"போச்சு."

அறைந்துவிட்டேன். ஒரு சுமைக்காரன் கை உங்கள் கன்னத்தில் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. நீங்களும் ஒதுங்கவில்லை. "நாலு மணிக்கு அடுத்த வண்டி இருக்கு, நானும் வரேன்" என்றீர்கள். "வந்தா ஆத்துல தள்ளிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

விருத்தாசலத்தில் நான் இறங்கியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அவள் பொழுது சாய்கிறபோது போய்விட்டாளாம். அதுவரை கண் திறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாக மாமியார் சொன்னாள். ஒரு மணி வண்டியில் வந்திருந்தால் முகம் பார்த்திருப்பேன். பிறந்ததும் பையன் இல்லை, பெண். இப்போது இதை எழுதுகிறவளின் அம்மா.

அதற்குப் பிறகு நீங்கள் மார்க்கெட் பக்கம் வரவில்லை. இரண்டு வருஷம் உங்கள் பேரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஒரு தரம் மடப்பள்ளிக்கு அரிசி இறக்க ஸ்ரீரங்கம் வந்தேன். சித்திரை வீதியில் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை முஷ்டி பிடித்து, விடுவிடென்று நடந்து போகிறீர்கள். சற்று நேரத்தில் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தீர்கள். மறுபடியும் போனீர்கள். "தெனமும் இப்பிடித்தான். பிரதட்சிணமாம். ஆனா வாய் ஒரு திருநாமமும் சொல்றதில்ல" என்றார் பூக்கடைக்காரர்.

எனக்குத்தான் தெரியும் அது பிரதட்சிணம் இல்லையென்று. நான் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மூட்டைக்குப் பதில் வீதியைப் பிடித்திருக்கிறீர்கள்.

மூன்றாவது சுற்றில் நானும் பக்கத்தில் நடந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். வேகத்தைக் குறைக்கவில்லை. வடக்கு மூலை திரும்பும்போது, "முத்து, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினீர்கள்.

"வேணாம் சாமி. நடங்க" என்றேன்.

பிறகு ஏகாதசிக்கு ஏகாதசி வந்து நடந்தேன். நாலு வீதி, நாலு மூலை. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்ததும் உண்டு. எனக்குள் இருந்ததும் அந்த வீதியில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரமும் அந்த மூலையில் நீங்கள் வாய் எடுப்பீர்கள், நான் "நடங்க" என்பேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஏகாதசிக்கு வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது, பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பேத்தி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே இன்னும் என்னவோ சொல்ல வந்தாள். சொல் வரவில்லை, மூச்சு முட்டியது. "பாரம் இருக்கும்போது பேசாதே" என்று பழைய வழக்கத்தில் அதட்டினேன். அதட்டிய வாய் மூடவில்லை. அறுபது வருஷமாக, அன்று உச்சிப் பொழுதில் நீங்கள் ஏன் வந்தீர்கள், ஏன் ஓயாமல் தூக்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை வேடிக்கை பார்க்க வந்ததாகக்கூட ஒரு காலத்தில் நினைத்தேன். நீங்கள் சொல்லத்தான் ஓடி வந்திருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் சத்தியம் குறுக்கே நின்றிருக்கிறது. வாய் திறந்துவிடும் என்று பயந்து, வாய் திறக்க முடியாத ஒரே இடத்துக்குள் தலையைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பாரத்தை ஒவ்வொரு தரமும் ஏற்றிவிட்டது என் கை. இதைத்தானே சாமி அந்த மூலையில் சொல்ல வந்தீர்கள்?

நீங்கள் சொல்லாமல் இருந்தது சரி என்று இன்றைக்கும் என் வாயில் வராது. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நீங்கள் ஒரு நாள் சொல்லவில்லை, நான் உங்களை எத்தனையோ ஏகாதசி சொல்லவிடவில்லை.

ஏற்றிவிட ஒருத்தன், இறக்கிவிட ஒருத்தன் என்பது எங்கள் தொழில். அன்று வண்டி ஊதியபோது நான் சிரித்த சிரிப்பு என் தலையிலேயே இருக்கிறது. கை கொடுத்து இறக்க வேண்டிய ஆள் நீங்கள். குனிந்து நிற்கிறேன், சாமி.