பூத்திருக்கிறது என்றார் அப்பா

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் நேரத்துக்குத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், கண்ணால் பார்த்தால்தானே தெரியும். இங்கே நான் நலம். இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் உன் அப்பா விஷயத்தில் விசாரணை முடியாமல் அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. முதலில் உன் செடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுமையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

போன வாரம் போனில் என் மணி பிளான்ட் பூத்திருக்காமேம்மா, அப்பா சொன்னாரு என்று குதித்தாயே, அப்போதே எனக்கு எங்கேயோ இடித்தது. மணி பிளான்ட் என்றைக்குடி வீட்டுக்குள் பூத்திருக்கிறது. நீ போனதிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பா பொறுப்பு என்பதால் நான் அந்த ஜன்னல் பக்கமே போவதில்லை. முட்டி வலியோடு குனிந்து பார்த்தால் மண் மேலே பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளையாகப் பூசணம், அடி இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்குகிறது. அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று சண்டைக்கு வருவாய், வாஸ்தவம்தான், பூத்துத்தான் இருந்தது. என்ன பூத்தது என்று அவரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

எனக்கு முதலில் கீழ் வீட்டுக்காரி மேல்தான் சந்தேகம். ஒரு கொடி வெட்டித் தரச் சொல்லி நான் தரவில்லை, அதிலிருந்து அவள் முகமே சரியில்லை, அன்றைக்குக் கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்தவள் ஜன்னலோரம் நின்றது நின்றபடி இருந்தாள். அப்புறம் வீடு துடைக்க வருகிற பெண் வாளித் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்க்கிறாளோ என்று அவளிடமே கேட்டுவிட்டேன். நான் ஊத்தியிருந்தா பினாயில் வாசம் வராதாக்கா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இன்றுவரை இறக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகுதான் மோந்து பார்க்கத் தோன்றியது. ரொட்டிக் கம்பெனியில் பூசணம் பிடித்த ரொட்டியைப் பிரித்துப் போடுவதே என் வேலையாக இருந்தது, என் மூக்கை ஏமாற்ற முடியுமா. தண்ணீர் அதிகமாகிப் பிடிக்கிற பூசணம் ஈரமண் வாசம்தான் அடிக்கும், இது புளித்த பால். போதாததற்குத் தொட்டி விளிம்பில் எறும்பு வரிசை கட்டிப் போகிறது. வெறும் தண்ணீருக்கு எறும்புக்கு என்ன வேலை.

இந்த வீட்டில் பால் யார் குடிப்பது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு டாக்டர் சொன்னபடி உன் அப்பாவுக்குத்தான் இரண்டு வேளையும் சத்துப்பொடி கலந்து பால் கொடுக்கிறேன். இறங்கிச்சா என்று அடுப்படியிலிருந்து கேட்பேன், இறங்கிடுச்சு என்று காலி டம்ளரைக் கொண்டு வந்து வைப்பார். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தொட்டியைத் தூக்கிப் பால்கனியில் வைத்துவிட்டு வழக்கம்போல் பாலைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். அவர் நிரம்பிய டம்ளரோடு காலி ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார், எங்கே ஊற்றுவது என்று தெரியாமல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அப்படியே வடிந்துவிட்டது. தொண்டையில நிக்குது, கொஞ்ச நாளாவே எதுவும் சரியா இறங்கல என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னா நீ அவகிட்ட சொல்லுவ, அவ புதுசா சேர்ந்த வேலையை விட்டுட்டு ஓடி வருவா என்கிறார். பீரோவைத் திறந்து அவர் பெல்ட்டைப் பார்த்தேன், ஆணியால் குத்திய புது ஓட்டைகள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன் இளைப்பது தெரியவில்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.

உடனே டாக்டரிடம் போகலாம் என்றால், முதல்ல அந்தச் செடி தேறட்டும், அப்புறம் பாக்கலாம் என்று நழுவினார். சரி என்று நான் செடி மேல் பாய்ந்தேன். மேல் மண்ணைச் சுரண்டி எறிந்தேன், கொடியைப் பிடுங்கிக் குழைந்துபோன வேரையெல்லாம் கத்திரியால் வெட்டினேன், அடி ஓட்டை கெட்டிப் பாலால் அடைத்திருந்ததைக் கம்பியால் குத்திவிட்டேன், புது மண்ணில் மணல் கலந்து நட்டு, மறுபடி பூசணம் பிடிக்காமலிருக்க மேலே சமையல் பட்டைப் பொடி தூவி வெளிச்சத்தில் வைத்தேன். விரலை விட்டுப் பார்த்து உள்ளே காய்ந்திருந்தால்தான் தண்ணீர், அதுவும் என் கையால்தான். நேற்றுக் காலை நுனியில் சுருண்டபடி ஒரு இலை வந்திருந்தது. தொட்டியை அவர் முகத்துக்கு நேராக வைத்து, தேறியாச்சு, வியாழக்கிழமை டாக்டர் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அது இலைதானா, நல்லா பாத்தியா என்று கேட்டார். என்னிடமே சந்தேகம். அவருக்குப் பயமாக இருக்கிறதடி. எனக்கும்தான்.

நீ வேலையை விட்டு ஓடி வர வேண்டாம், டாக்டர் என்ன சொல்கிறார் என்று வரிக்கு வரி எழுதுகிறேன், மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசும்போது மட்டும் சாப்பிட்டீங்களா என்று கேட்காதே, ஆமாம் என்பார். எங்கே இறங்குச்சு என்று கேள். அந்த அப்பாவுக்குப் பிறந்த பெண் நீ, போன கடிதத்தில் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய், யார் வயிறு என்று எழுதவில்லை. பதிலில் எழுது. நோய் நொடி அண்டாமல் நூறு வயசு நன்றாக இரு.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
நீயும் அப்பாவும் முதுகுக்குப் பின்னால் போலீஸ்காரி என்று கூப்பிடுகிற
அம்மா